ஒழுங்கு இருந்தால் அதை வகுத்தவர் இருந்தாக வேண்டுமா?

வடசென்னையில் இந்த விவாதத்துக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஒரு தெருமுனையில் பகுத்தறிவுக் கூட்டம் நடக்கும். நாலு தெரு தள்ளிக் கோயில் மண்டபத்தில் ஆன்மிகச் சொற்பொழிவு நடக்கும். "இத்தனை ஒழுங்கான உலகம் யாரும் திட்டமிடாமல் வந்திருக்குமா?" என்று ஒரு பக்கம் கேட்பார்கள். "எல்லாம் தற்செயல்தான்" என்று மறுபக்கம் பதில் வரும். எதிரும் புதிருமாகத் தெரிகிற இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் கைகோத்து நிற்கின்றன: திட்டம் அல்லது தற்செயல், இவற்றைத் தவிர வேறு வழியே இல்லை என்று இரண்டுமே நம்புகின்றன. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அறிவியல் அதை நன்றாகவே ஆராய்ந்தும் இருக்கிறது. ஆனால் பேச்சில் அது அடிபடும்போது பெரும்பாலும் அரைகுறையாகவே அடிபடுகிறது.

இதில் எனக்குத் தனியாக ஓர் அக்கறையும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் வடசென்னையை "ஒழுங்கே இல்லாத பகுதி" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டாத ஒழுங்கு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அந்த ஒழுங்கு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

எம்.சி. ரோட்டுக் கூட்டம்

தீபாவளிக்கு முந்தைய வாரம். இருட்டிய பிறகு பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஏதாவது ஒரு துணிக்கடையின் மாடி ஜன்னலில் நின்று கீழே பாருங்கள். இரண்டு பக்கமும் கடைகள், அவற்றின் முன்னால் நடைபாதைக் கடைகள், மிச்சமிருக்கும் இடமெல்லாம் மனிதத் தலைகள். முதல் பார்வைக்கு வெறும் நெரிசல். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தால், போகிறவர்கள் ஒரு வரிசையாகவும் வருகிறவர்கள் ஒரு வரிசையாகவும் பிரிந்து ஓடுவது தெரியும். சில நேரம் இரண்டு வரிசை, சில நேரம் நான்கு. நடுவில் ஒரு தள்ளுவண்டி நின்றுவிட்டால் வரிசைகள் வளைந்து அதைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மீண்டும் சேர்ந்துகொள்ளும். முனையில் நிற்கும் போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் நகை பத்திரம், குழந்தை பத்திரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். யார் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. தரையில் கோடும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண்ணை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் பிள்ளை. அவருக்கு வேண்டியவை இரண்டுதான்: முன்னே போக வேண்டும், யார்மீதும் மோதக் கூடாது. எதிரே ஒருவர் வந்தால் அரையடி விலகுகிறார். விலகிய இடத்திலும் எதிரே ஆள் வந்தால் இன்னொரு முறை விலகுகிறார். இப்படி விலகி விலகி, தன் திசையிலேயே போகும் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டால், அதன்பின் விலக வேண்டிய தேவையே இல்லை. முன்னே போகிறவர் கூட்டத்தைப் பிளந்து வழி செய்துவிடுகிறார். எனவே அந்த இடத்திலேயே தொடர்கிறார். இவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் வேறொருவர். எதிர்த்திசைக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். மோதலில் நிற்பவர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்க, ஒருவர் பின் ஒருவராக அமைந்தவர்கள் மட்டும் இடம் மாறாமல் நிலைக்கிறார்கள். சில நிமிடங்களில் வரிசை உருவாகிவிடுகிறது.

இது என் ஊகம் என்று நினைக்க வேண்டாம். 1995இல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மொல்நார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் நடந்துபோகும் மனிதர்களின் மாதிரியை உருவாக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் போக வேண்டிய திசையும் வேகமும் உண்டு. அடுத்தவரை நெருங்கினால் விலக வேண்டும். ஏறக்குறைய அவ்வளவுதான் கொடுக்கப்பட்டது. வரிசையாக நட என்ற கட்டளை அந்த நிரலில் எங்கும் இல்லை. ஆனாலும் வரிசைகள் உண்டாயின.

இதற்குப் பெயர்

தனித்தனிப் பகுதி எதிலும் இல்லாமல், பகுதிகள் ஒன்றோடொன்று உறவாடும்போது முழுமையில் மட்டும் தோன்றும் பண்பை எமர்ஜென்ஸ் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதை எழுபண்பு என்று சொல்கிறேன். ஒற்றை ஆளுக்கு வரிசை என்ற பண்பு கிடையாது. அது கூட்டத்துக்கே உரியது.

இது நடக்க இரண்டு விஷயங்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் நடப்பதை மட்டும் பார்த்துப் பின்பற்றும் எளிய வழக்கம் ஒன்று வேண்டும். இதற்கு உள்ளூர் விதி என்று பெயர். ஒரு செயலின் விளைவு திரும்பி வந்து அதே செயலைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும், இது பின்னூட்டம். எம்.சி. ரோட்டில் விலகி நடப்பது உள்ளூர் விதி. வரிசை நீள நீள அதில் சேர்வது இன்னும் எளிதாவது பின்னூட்டம்.

கடலில் கவலை மீன் கூட்டம் ஒரே உடம்பு போலத் திரும்புவதும் இந்த வகைதான். தலைவன் மீன் என்று ஒன்று இல்லை. 1987இல் கிரெய்க் ரெய்னால்ட்ஸ் கணினித் திரையில் பறவைக் கூட்டம் போன்ற அசைவை மூன்றே விதிகளால் உண்டாக்கிக் காட்டினார்: பக்கத்தில் இருப்பதோடு மோதாதே, பக்கத்தில் இருப்பவை போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகிவிடாதே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: திட்டம் யார் தலையிலும் இல்லை, விதி எல்லாரிடமும் இருக்கிறது, பின்னூட்டம் அதை ஒழுங்காக மாற்றுகிறது.

மெரினாவை யார் அமைத்தார்கள்?

மனிதனுக்கும் மீனுக்கும் கண் இருக்கிறது, பார்த்து நடக்கின்றன என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான மறுப்புதான். கண்ணும் மூளையும் இல்லாத மணலை எடுத்துக்கொள்வோம்.

சென்னைக் கரையில் அலை பெரும்பாலும் நேர்குத்தாக வந்து மோதுவதில்லை. சற்றுச் சாய்வாக வருகிறது. காசிமேட்டுக்கு வடக்கே கரையோரம் நின்று ஒரு அலையின் நுரையைக் கவனித்தால் இது தெரியும். ஏறும்போது மணல்துகளைச் சாய்வாக மேலே கொண்டுபோகும். வடியும்போது தண்ணீர் சரிவின் வழியே நேராக இறங்கும்; மணலும் அப்படியே இறங்கும். ஏறிய இடம் ஒன்று, இறங்கிய இடம் வேறு. ஓர் அலைக்குத் துகள் நகர்வது மிகச் சிறிய தூரம்தான். ஆனால் அலை ஓய்வதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் இந்த நகர்வு தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறுகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கு நோக்கியே பயணம் செய்கிறது.

இந்தப் பயணத்தின் குறுக்கே 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. வடக்கே போக வழியில்லாத மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. கோட்டைக்கு அருகிலேயே வந்துபோன கடல் பின்வாங்கியது. இன்று உலகமே வந்து காற்று வாங்கும் அகலமான மெரினா மணல்வெளி அப்படி வளர்ந்ததுதான். வடக்கே நடந்தது நேர் எதிரானது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கரைகளில் இருந்த மணலை அலை வழக்கம்போல எடுத்துப்போனது; அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. கரை அரித்தது. இன்று அங்கே கரை நெடுகக் கருங்கல் கொட்டிய தடுப்புகளும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் நிற்பது இதனால்தான். அந்தத் தூண்டில் வளைவுகளின் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தும் வடக்குப் பக்கம் குறைந்தும் இருப்பதைப் பார்த்தால், பெரிய துறைமுகம் செய்த வேலையையே சிறிய அளவில் அவையும் செய்வது புரியும்.

இங்கே பின்னூட்டம் எது? மணல் எவ்வளவு நகரும் என்பது அலைக்கும் கரைக்கும் உள்ள சாய்வைப் பொறுத்தது. மணல் சேரச் சேரக் கரையின் கோடு மெல்லத் திரும்பி அலைக்கு முகம் கொடுக்கிறது. சாய்வு குறைகிறது, நகர்வும் குறைகிறது. மேடாக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை அலை கரைத்துப் பள்ளத்தில் சேர்க்கிறது. அதனால்தான் கடற்கரை கோணல்மாணலாக இல்லாமல் ஒரே சீரான வளைவாக அமைகிறது.

மெரினாவுக்கு ஒரு வடிவமைப்பாளர் உண்டா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். துறைமுகத்தை வடிவமைத்த பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் வரைந்தது கப்பல்களுக்கான பாதுகாப்பு. மெரினா மணல்வெளி அவர்கள் வரைபடத்தின் நோக்கம் இல்லை. திருவொற்றியூர்க் கரை அரிப்பும் இல்லை. அவர்கள் செயல் இரண்டுக்கும் காரணமானது, ஆனால் அவர்கள் இரண்டையும் வகுக்கவில்லை. காரணமாக இருப்பது வேறு, வகுப்பது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டால் இந்தத் தலைப்பில் நடக்கும் பாதி வாக்குவாதங்கள் நின்றுவிடும் என்பது என் கருத்து.

தற்செயல் இல்லை, எப்போதும் நல்லதும் இல்லை

தாயக்கட்டையை உருட்டினால் எந்த எண் விழும் என்று சொல்ல முடியாது. எழுபண்பு அப்படி இல்லை. எந்த ஆண்டு, எந்த ஆட்கள் வந்தாலும் எம்.சி. ரோட்டில் வரிசைகள் உண்டாகும். இதே கரையில் வேறோர் இடத்தில் சுவர் கட்டினாலும் அதன் தெற்கே மணல் சேரும். எந்த ஆள் எந்த வரிசையில், எந்தத் துகள் எந்த இடத்தில் என்பதில் தற்செயல் உண்டு. மொத்த அமைப்பில் இல்லை.

இந்த ஒழுங்கு இலவசமாகவும் வருவதில்லை. இயற்கையில் எல்லாம் சிதைவை நோக்கித்தானே போகும், ஒழுங்கு எப்படிக் கூடும் என்று கேட்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நடக்கிறவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டின் ஆற்றலைச் செலவழிக்கிறார்கள். அலைக்கு ஆற்றலைக் காற்று தருகிறது; காற்றுக்குச் சூரியன் தருகிறது. வெளியிலிருந்து ஆற்றல் வந்துகொண்டிருக்கும் இடத்தில் ஒழுங்கு கூடுவதற்கு எந்த இயற்பியல் விதியும் தடை இல்லை.

எழுபண்பு என்றாலே அழகு, ஞானம் என்று உருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2008இல் வெளியான ஒரு ஜப்பானியச் சோதனையைச் சொல்ல வேண்டும். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, விபத்து இல்லை. சீரான வேகத்தில் ஓட்டுங்கள் என்பதே ஓட்டுநர்களுக்குச் சொன்னது. சிறிது நேரத்தில் நெரிசல் உண்டாகி, கார்கள் முன்னே போக, நெரிசல் மட்டும் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாக பிரேக் போட, பின்னால் வருபவர் கொஞ்சம் கூடுதலாகப் போட, அவருக்குப் பின்னால் இருப்பவர் நின்றே விட்டார். யாரும் விரும்பாத, யாரும் செய்யாத ஒழுங்கு அது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்பதை இதோடு குழப்பக் கூடாது. துறைமுக வாயிலில் தாமதம் என்றால், தாமதம் நடக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். பொறுப்பைத் தட்டிக்கழிக்க எழுபண்பு ஒரு சாக்காகிவிடக் கூடாது.

குடமும் குயவனும்

வகுத்தவர் வேண்டும் என்ற வாதத்தை இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நம் மண்ணில் அது ஆழமாகச் சிந்திக்கப்பட்ட வாதம். சைவ சித்தாந்தம் மூன்று காரணங்களைப் பிரித்துச் சொல்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சுழலும் சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மண்ணும் சக்கரமும் இருந்தாலும் குயவன் இல்லாமல் குடம் இல்லை. அதுபோல உலகுக்கும் ஒரு நிமித்தகாரணன் வேண்டும்.

குடத்தைப் பொறுத்தவரை இது முழு உண்மை. ஈர மண்ணின் துகள்கள் தங்களுக்குள் எப்படி உறவாடினாலும் குடம் வராது. அந்த வடிவம் குயவனின் மனத்திலும் கையிலும் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாதையும் குடத்தின் வகைதான். பாதை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் வரைபடம் இருந்தது. இடறல் வருவது, குடத்துக்குப் பொருந்துவது எல்லா ஒழுங்குக்கும் பொருந்தும் என்று தாவும்போது. மெரினாவின் வளைவுக்கு முன்னால் அந்த வளைவை மனத்தில் வைத்திருந்தவர் யாரும் இல்லை. ஆக, ஒவ்வோர் ஒழுங்கைப் பார்க்கும்போதும் தனியாகக் கேட்டாக வேண்டும்: இதன் முழு வடிவம், இது உண்டாவதற்கு முன் எங்காவது இருந்ததா?

கண் எப்படி வந்தது?

இங்கேதான் வலுவான மறுப்பு வரும். வரிசையும் வளைவும் சரி, கண்? பார்ப்பதற்கென்றே செய்ததுபோல இருக்கும் உறுப்பு அது. 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் கடிகாரத்தைக் காட்டி இதே வாதத்தை வைத்தார். இதற்கு எழுபண்பு மட்டும் போதுமான பதில் ஆகாது என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். அழகான அமைப்பு ஒன்று, பயன் தரும் அமைப்பு வேறொன்று. மணல்வெளி எதற்காகவும் இல்லை. கண் ஒரு வேலை செய்கிறது.

அதற்கான பதில் இயற்கைத் தேர்வு: பிள்ளைகள் பெற்றோரைப் போலவும் அவர்களிடமிருந்து சிறிது வேறுபட்டும் பிறக்க, பிழைத்துப் பெருக உதவும் வேறுபாடுகள் தலைமுறைதோறும் கூடிக்கொண்டே போவது. டார்வின் 1859இல் இதை விரிவாக எழுதினார். வெளிச்சம், இருட்டு என்று மட்டும் பிரித்தறியும் ஒரு திட்டு, ஒன்றும் இல்லாததைவிட மேல். திட்டு குழிந்தால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். இப்படிப் படிப்படியாகப் போகலாம். இந்தப் படிகள் பலவற்றை இன்றும் உயிரோடிருக்கும் விலங்குகளிலேயே பார்க்கலாம்.

காசிமேட்டில் கணவாய் வாங்கியவர்கள் அதன் பெரிய கண்ணைப் பார்த்திருப்பார்கள். நம் கண்ணைப் போலவே முன்னால் வில்லை, பின்னால் விழித்திரை. ஆனால் கணவாயின் வம்சமும் நம் வம்சமும் இந்தக் கண் உண்டாவதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்டவை. இரண்டும் தனித்தனியே இதே அமைப்பை எட்டின. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கணவாய்க்கு நரம்பிழைகள் விழித்திரைக்குப் பின்னால் போகின்றன. நமக்கு முன்னால் போகின்றன. அவை மூளைக்குப் போக விழித்திரையில் ஓர் ஓட்டை வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நமக்குப் பார்வை இல்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும், அதற்கு 8 செ.மீ. வலப்பக்கம் ஒரு புள்ளியும் போடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். முழு வடிவத்தை முன்கூட்டியே மனத்தில் வைத்து வரைந்தவர் இப்படி வரைந்திருக்கத் தேவையில்லை. கைக்குக் கிடைத்ததைப் படிப்படியாக மாற்றிக்கொண்டு வந்த வரலாற்றில் இது இயல்பாக நேரும்.

இது எதைத் தீர்க்கவில்லை

இதையெல்லாம் காட்டிக் கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டதாகப் பேசுவது தாவல்தான். இங்கே விழுந்தது ஒரே ஒரு படி: ஒழுங்கைக் கண்டால் உடனே வகுத்தவரைக் கொண்டுவரும் படி. அலை ஏன் அப்படி நடக்கிறது, இயற்கை விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விதிகளை இட்டவர் ஒருவர் என்று நம்புகிறவரும், விதிகள் இருக்கின்றன, அவ்வளவுதான் என்பவரும் எம்.சி. ரோட்டு வரிசைக்கு ஒரே விளக்கத்தைத்தான் தர முடியும்.

எழுபண்பை ஒரு மந்திரம்போல் பயன்படுத்துவதும் இதே அளவு தவறு. இது நமக்குப் புதிய சபலம் இல்லை. மணிமேகலையில் ஒரு பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்பவர், வருகிறார். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தால் மதுவின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் சேரும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறார். எழுபண்பை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பழைய தமிழ் இடம் வேறொன்று எனக்குத் தெரியாது. படிக்கும்போதெல்லாம் வியப்பாகவே இருக்கிறது. ஆனால் அவருடைய உவமையில் ஓர் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தார். வெல்லத்தை மதுவாக்குவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். பூவும் வெல்லமும் சேர்ந்தால் போதும் என்று நினைத்தபோது வேலை செய்தது அது. 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டரின் ஆய்வுகள் வந்த பிறகே அது உறுதியானது. "சேர்ந்தால் தோன்றும்" என்று சொல்வது விளக்கத்தின் தொடக்கம் மட்டுமே. எந்த உள்ளூர் விதி, எந்தப் பின்னூட்டம் என்று காட்டும் வரை அது பெயர்தான்.

மனித உணர்வைப் பற்றி இன்று பேசுகிறவர்களும் ஏறக்குறைய அந்தப் பூதவாதி நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். உணர்வு மூளையின் எழுபண்பு என்று சொல்வது நியாயமான கருதுகோள். நரம்பணுக்களிலிருந்து உணர்வு வரை போகும் வழியை எம்.சி. ரோட்டு வரிசையை விளக்குவதுபோல இன்னும் யாரும் விளக்கவில்லை. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. வெறும் 302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு மில்லிமீட்டர் புழுவின் நரம்பு இணைப்புகள் ஏறக்குறைய முழுவதும் 1986இலேயே வரைந்து வெளியிடப்பட்டன. அந்தப் புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்றும் சொல்ல முடிவதில்லை.